ஆளுநர் யேலின் செல்வமும் கேத்தரினின் பங்கும்

சென்னைக் கோட்டைப் புனித மேரி தேவாலயத்தில் 1680 நவம்பர் 4 அன்று நடந்த முதல் திருமணம் எலிஹு யேலுடையது. மணமகள் கேத்தரின், அதே ஆண்டு இறந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோசப் ஹின்மர்ஸின் விதவை. 1672இல் சாதாரண எழுத்தராக வந்திறங்கிய யேல் 1687இல் ஆளுநரானார். வைர வணிகம்தான் அவரைச் செல்வந்தராக்கியது என்பார்கள். வைரம் பெருக்கித் தந்தது உண்மைதான். ஆனால் வணிகத்துக்கு முதல் வேண்டுமே! அன்றைய ஆங்கிலச் சட்டப்படி, மறுமணம் செய்த பெண்ணின் அசையும் சொத்து புதுக் கணவனின் கைக்குப் போனது. கேத்தரினின் சொத்தும் அப்படித்தான் யேலின் கைக்கு வந்தது.

கேத்தரின் பிள்ளைகளுடன் இங்கிலாந்து திரும்பினார். யேல் சென்னையில் வைர வணிகர் ஒருவரின் விதவையான ஹியரோனிமா டி பைவாவோடு வாழ்ந்தார். யேல் எழுதிய உயிலில் மனைவியைக் கொடியவள் என்று குறிப்பிட்டு, அவருக்குத் தரவேண்டியதை எழுதாமலே விட்டார். அவர் மனைவிக்குக் கடன்பட்டவரே அல்ல என்று வாதிடலாம். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. 1721இல் யேல் இறந்தபோது அந்த உயில் முறைப்படி முடிக்கப்படாமல் கிடந்தது. அதனால் சட்டப்படி சொத்து மனைவிக்கும் மகள்களுக்கும் போனது. யேல் முன்பே கொடை தந்த, அவர் பெயரைத் தாங்கிய அமெரிக்கக் கல்லூரிக்கு அந்த உயிலில் எழுதிய 500 பவுன் போய்ச் சேரவே இல்லை. யேலின் கொடையைப் பற்றி எழுதுவோர் கேத்தரினின் பெயரையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும்.