தொட்டுப் படிக்கும் வரலாறு

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பார்கள். வரலாற்றுப் பாடத்துக்கு இது நன்றாகவே பொருந்தும். ஆண்டுகளையும் அரசர் பெயர்களையும் மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த மறுவாரமே மறந்துவிடும் மாணவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. இதற்கு மாற்றாக, வரலாற்றைக் கையால் செய்து பார்த்துக் கற்கும் வகுப்புகளை அமெரிக்காவில் பல அருங்காட்சியகங்கள் நடத்துகின்றன. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் குடும்பங்களுக்கென்று தனி நாட்களையும் ஒதுக்குகின்றன. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஓல்ட் ஸ்டர்பிரிட்ஜ் வில்லேஜ் அப்படிப்பட்ட ஓர் இடம்.

அமெரிக்காவில் கட்டாயப் பள்ளிக் கல்விச் சட்டத்தை முதலில் கொண்டுவந்த மாநிலமும் இதே மாசசூசெட்ஸ்தான்! பள்ளியை வேண்டாம் என்ற குடும்பங்கள், பள்ளியைக் கட்டாயமாக்கிய மாநிலத்தின் பழைய கிராமத்துக்கு வரலாறு படிக்க வருகின்றன. இது எப்படி நடந்தது?

ஊரே அருங்காட்சியகம்

சவுத்பிரிட்ஜ் என்ற ஊரில் மூக்குக் கண்ணாடி தயாரித்த அமெரிக்கன் ஆப்டிகல் நிறுவனத்தை நடத்தியது வெல்ஸ் குடும்பம். அவர்களில் ஆல்பர்ட் வெல்ஸ் 1926-ல் பழம்பொருட்களை வாங்க ஆரம்பித்தார். கலப்பை, ராட்டை, பால் பாத்திரம் என்று சாதாரண மக்கள் புழங்கிய பொருட்களே அவரை அதிகம் கவர்ந்தன. வீடு நிரம்பிவிட்டது. இவற்றை வரிசையாக அடுக்கி வைப்பதைவிட, இவை புழங்கிய ஒரு கிராமத்தையே உருவாக்கினால் என்ன என்று குடும்பத்தினர் யோசித்தார்கள். 1946-ல் அந்தக் கிராமம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

கிட்டத்தட்ட 200 ஏக்கர் நிலம், 40-க்கும் மேற்பட்ட கட்டடங்கள். பல கட்டடங்கள் நியூ இங்கிலாந்தின் வெவ்வேறு ஊர்களிலிருந்து பிரித்து எடுத்து வரப்பட்டவை. பள்ளிக்கூடம் நியூ ஹாம்ப்ஷயரிலிருந்து வந்தது. மளிகைக்கடை வெர்மான்டிலிருந்து, கம்பளி ஆலை மெய்ன் மாநிலத்திலிருந்து. 1790-களில் தொடங்கி 1830-கள் வரையிலான கிராம வாழ்க்கையை, அந்தக் காலத்து உடையணிந்த பணியாளர்கள் செய்து காட்டுகிறார்கள்.

"தொடாதீர்கள்" என்ற பலகை

ஆனால் பார்ப்பது வேறு, செய்வது வேறு. அருங்காட்சியகம் என்றாலே கண்ணாடிப் பெட்டியும் "தொடாதீர்கள்" என்ற பலகையும்தான் என்றிருந்த நிலையை மாற்றியதில் பாஸ்டன் குழந்தைகள் அருங்காட்சியகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1962-ல் அதன் இயக்குநரானார் மைக்கேல் ஸ்பாக். குழந்தை வளர்ப்பு நூலால் புகழ்பெற்ற டாக்டர் பெஞ்சமின் ஸ்பாக்கின் மகன். எழுத்துக்களை வாசிப்பதில் சிரமம் தரும் டிஸ்லெக்ஸியா அவருக்கு இருந்தது. பொருட்களின் உள்ளே என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் தாங்களே தெரிந்துகொள்ளும்படி 1964-ல் ஒரு கண்காட்சி அமைத்தார். புத்தகம் படிக்கத் திணறும் பிள்ளையும் கையாலும் கண்ணாலும் கற்றுக்கொள்ளும் என்பதை அது காட்டியது. தொட்டுப் பார்க்கும் முறை பிறகு உலகம் முழுவதும் பரவியது.

பள்ளியை விட்டு வந்தவர்கள்

மாசசூசெட்ஸின் கட்டாயக் கல்விச் சட்டம் 1852-ல் வந்தது. 8 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் ஆண்டுக்கு 12 வாரமாவது பள்ளிக்குப் போக வேண்டும் என்றது அது. 125 ஆண்டுகள் கழித்து, 1977-ல், அதே மாநிலத்தின் பாஸ்டன் நகரிலிருந்து ஜான் ஹோல்ட் என்ற முன்னாள் ஆசிரியர் ஒரு பத்திரிகை தொடங்கினார். பிள்ளைகள் பள்ளியில்லாமலேயே வளரலாம் என்பதே அதன் பேச்சு. வீட்டுக் கல்வியை விரும்பிய பெற்றோர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள அது உதவியது. மத நம்பிக்கை காரணமாக வீட்டுக் கல்வியைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களும் பெருகின. 1987-ல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் வழிகாட்டியது. பெற்றோர் வீட்டில் கற்பிக்கலாம், ஆனால் உள்ளூர்ப் பள்ளி நிர்வாகத்தின் ஒப்புதல் வேண்டும். 1993-க்குள் எல்லா மாநிலங்களிலும் வீட்டுக் கல்வி சட்டப்படி செல்லுபடியானது.

அமெரிக்க அரசின் கல்விப் புள்ளிவிவரப்படி 1999-ல் சுமார் 8.5 லட்சம் பிள்ளைகள் வீட்டில் படித்தார்கள். 2007-ல் அது 15 லட்சம் ஆனது. கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்ட 2020-ல் இன்னும் பல குடும்பங்கள் இந்தப் பக்கம் வந்தன.

இந்தக் குடும்பங்களும் அருங்காட்சியகமும் ஒன்றுக்கொன்று தேவைப்பட்டன. வீட்டில் நெசவுத்தறியோ கொல்லர் உலையோ கிடையாது. அருங்காட்சியகத்திலோ வார நாட்களில் கூட்டம் குறைவு. மற்ற பிள்ளைகள் வகுப்பறையில் இருக்கும் நேரத்தில் வரக்கூடியவர்கள் இவர்கள்தான். குறைந்த கட்டணம் வாங்கினாலும் இருக்கிற கட்டடம், இருக்கிற ஊழியர்களை வைத்தே வகுப்பு நடத்திவிடலாம். இரு தரப்புக்கும் லாபம்!

கை கற்றுக்கொள்வது என்ன?

இத்தகைய வகுப்புகளில் பிள்ளைகள் மெழுகுவர்த்தி செய்கிறார்கள், வெண்ணெய் கடைகிறார்கள், இறகுப் பேனாவால் எழுதுகிறார்கள், கம்பளியைச் சிக்கெடுக்கிறார்கள். மெழுகுவர்த்தியையே எடுத்துக்கொள்வோம். தேன்மெழுகு விலை அதிகம் என்பதால் அந்தக் காலத்துச் சாதாரண வீடுகளில் மாட்டுக் கொழுப்பை உருக்கித்தான் மெழுகுவர்த்தி செய்தார்கள். திரியை அதில் முக்கி எடுத்து, ஆறவிட்டு, மறுபடி முக்க வேண்டும். இருபது முப்பது முறை முக்கினால்தான் விரல் பருமன் வரும். அவசரப்பட்டு நீண்ட நேரம் முக்கிப் பிடித்தால் ஏற்கெனவே ஒட்டியதும் உருகிப் போய்விடும். ஒரு மெழுகுவர்த்தி செய்த பிள்ளைக்கு, குளிர்காலம் முழுவதற்கும் செய்து வைத்த வீட்டின் உழைப்பு புரிகிறது. பொழுது சாய்ந்ததும் ஏன் சீக்கிரம் படுத்தார்கள் என்பதும் புரிகிறது.

கம்பளி இன்னும் நல்ல பாடம். கம்பிப் பற்கள் வைத்த இரண்டு பலகைகளுக்கு நடுவே கம்பளியை வைத்து இழுத்து இழுத்துச் சீவ வேண்டும். பத்து நிமிடத்தில் கை கடுக்கும். அதன் பிறகு அந்தப் பிள்ளை ஆலைக்குள் போய், ஆற்று நீர் சுழற்றும் இயந்திரம் அதே வேலையைச் செய்வதைப் பார்க்கிறது. "தொழிற்புரட்சி" என்ற சொல்லுக்குப் பத்துப் பக்கம் விளக்கம் எழுதினாலும் கிடைக்காத அறிவு அந்த இரண்டு கட்டடங்களுக்கு இடையே கிடைத்துவிடுகிறது.

கடையிலும் ஒரு பாடம் இருக்கிறது. அன்றைய கிராமக் கடையில் ரொக்கம் குறைவு, பேரேட்டுக் கணக்கே அதிகம். விவசாயி வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் கொடுத்துக் கணக்கில் வரவு வைப்பார். துணியும் தேயிலையும் வாங்கிப் பற்று எழுதுவார். பெண்களும் பிள்ளைகளும் வீட்டில் ஓலைத் தொப்பி பின்னிக் கொடுத்தும் கணக்கைத் தீர்த்தார்கள். அந்த ஓலை வெப்ப நாடுகளிலிருந்து கப்பலில் வந்தது. சின்ன கிராமம்கூட உலக வாணிபத்தில் சேர்ந்தே இருந்தது.

கை சொல்லாதது

ஆனால் இங்கே ஓர் ஆபத்தும் உண்டு. பத்து நிமிடம் செய்தால் எல்லா வேலையும் விளையாட்டுதான். கை வலித்ததும் நிறுத்திவிடலாம் என்ற உரிமை அந்தக் காலத்துப் பிள்ளைக்கு இருந்ததா?

1790-ல் பக்கத்து மாநிலமான ரோட் ஐலண்டில் சாமுவேல் ஸ்லேட்டர் தொடங்கிய நூற்பாலையில் முதலில் வேலைக்கு அமர்த்தப்பட்டவர்கள் 7 முதல் 12 வயது வரையுள்ள குழந்தைகள். ஆலையில் உழைக்கும் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆண்டில் மூன்று மாதமாவது படிப்பு வேண்டும் என்று 1836-ல் மாசசூசெட்ஸ் சட்டம் போட வேண்டியிருந்தது. 1852 சட்டமும் இதே பாதையில் வந்ததுதான். புதிதாகக் குடியேறிய அயர்லாந்து ஏழைகளின் பிள்ளைகளைத் தங்கள் வழிக்குக் கொண்டுவரும் எண்ணமும் அதில் கலந்திருந்தது. நல்லதும் கெட்டதும் சேர்ந்தே பள்ளி கட்டாயமானது.

பஞ்சின் கதை இன்னும் கசப்பானது. நியூ இங்கிலாந்து ஆலைகள் நூற்ற பஞ்சு பெரும்பாலும் தெற்கு மாநிலங்களில் கறுப்பின அடிமைகள் பறித்தது. அடிமைகளுக்கு உடுத்தக் கொடுத்த முரட்டுத் துணி ரோட் ஐலண்ட் ஆலைகளில் நெய்யப்பட்டு மறுபடி தெற்கே போனது. கடையில் அடுக்கியிருக்கும் துணியைத் தொட்டால் இது தெரியாது. யாராவது சொல்ல வேண்டும்.

ஆகவே கைவினை மட்டும் வரலாறு ஆகிவிடாது. "இதை எப்படிச் செய்தார்கள்?" என்ற கேள்விக்குக் கை பதில் சொல்லும். "இதை யார், யாருக்காக, எந்தக் கட்டாயத்தில் செய்தார்கள்?" என்ற கேள்வியை ஆசிரியரோ பெற்றோரோதான் எழுப்ப வேண்டும். வீட்டுக் கல்விக் குடும்பங்களுக்கு இது கூடுதல் அவசியம். வீட்டில் தாய் தந்தைக்குப் பிடித்த வரலாறு மட்டுமே பிள்ளைக்குக் கிடைக்கக்கூடும். அருங்காட்சியகம் பொது இடம். வீட்டில் யாரும் பேசாததும் அங்கே எதிரில் வந்து நிற்கும்.

அந்தக் கிராமத்தின் ஓரறைப் பள்ளியில் இன்று வீட்டுக் கல்விப் பிள்ளைகள் பலகை பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம். பள்ளிக்கூடம் எல்லாருக்கும் கட்டாயமாகாத காலம் அது. அந்த பெஞ்சில் உட்காரக் கொடுத்து வைக்காமல் ஆலைக்குப் போன பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால், அதுவே முழுமையான வரலாற்று வகுப்பு.