நியூயார்க்கில் வீடு வாங்கும் ரஷ்ய மொழிக் குடியேறிகள்: ‘பண்பாட்டு வேறுபாடு’ என்னும் விளக்கம் போதுமா?

நியூயார்க்கின் புரூக்ளின் கடலோரத்தில் உள்ள பிரைட்டன் பீச்சை ‘குட்டி ஒடெசா’ என்பர். 1970களில் தொடங்கி, சோவியத் ஒன்றியத்திலிருந்து வெளியேறிய யூதக் குடும்பங்கள் பெருமளவில் அங்கே குடியேறின. அவர்களையும், பின்னர் வந்த உக்ரைனியர், ஜார்ஜியர், மத்திய ஆசியர் முதலானோரையும் இணைப்பது ரஷ்ய மொழி மட்டுமே. வீடு வாங்கும்போது இவர்களிடம் காணப்படும் தயக்கங்களுக்குப் ‘பண்பாட்டு வேறுபாடு’ என்று பெயரிட்டு முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அத்தயக்கங்களின் வேர் சோவியத் வீட்டுவசதி முறையிலும் நாணய நெருக்கடிகளிலும் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சோவியத் நகரங்களில் வீடு பெரும்பாலும் அரசுக்குச் சொந்தம். வரிசையில் பெயர் பதிந்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பெற வேண்டும். பல குடும்பங்கள் ஒரே சமையலறையைப் பகிர்ந்துகொண்ட கூட்டுக் குடியிருப்புகளிலிருந்து, 1957ஆம் ஆண்டு வீட்டுவசதி ஆணைக்குப் பின் எழுந்த ஐந்து மாடிக் கட்டடங்களே மக்களைத் தனி வீட்டுக்குக் கொண்டுவந்தன. 1991 ஜூலையில் இயற்றப்பட்ட ரஷ்யச் சட்டம் குடியிருந்தவர்களுக்கே அவ்வீடுகளை இலவசமாக உரிமையாக்க வழிசெய்தது. இவ்வாறு கடன் வாங்காமலே பலர் வீட்டு உரிமையாளர் ஆயினர்.

சேமிப்பின் கதையோ கசப்பானது. 1991 ஜனவரி 22 அன்று மாலை, 50, 100 ரூபிள் தாள்கள் இனிச் செல்லா என்று தொலைக்காட்சி அறிவித்தது. மாற்றிக்கொள்ள மூன்றே நாள் அவகாசம். அடுத்த ஆண்டின் விலையேற்றத்தில் எஞ்சிய சேமிப்பும் கரைந்தது. 1998இல் ரூபிள் மீண்டும் சரிந்தது.

இதைக் கண்டவர் அமெரிக்க வங்கி அதிகாரியின் எதிரே அமர்கிறார். யாரிடமும் கடன்படாமல் வாழ்ந்ததைப் பெருமையாகச் சொல்கிறார். கடன் வரலாறு இல்லாததால் கிரெடிட் ஸ்கோர் இல்லை என்கிறது வங்கி. வீட்டில் சேர்த்துவைத்த ரொக்கத்தை முன்பணமாகக் கொண்டுவந்தால், அது எப்படி வந்தது என்று கேட்கிறது. வங்கிக்கு வாடிக்கையான அக்கேள்வி அவருக்கு விசாரணையாகப் படுகிறது. 30 ஆண்டுக் கடனுக்கு அவர் அஞ்சுவதில் பட்டறிவு இருக்கிறது.

சொற்களும் தடுமாற வைக்கும். ரஷ்ய வழக்கில் ‘இரண்டறை வீடு’ என்றால் கூடத்தையும் சேர்த்த எண்ணிக்கை. அமெரிக்க விளம்பரத்தில் அது ஒற்றைப் படுக்கையறை வீடு. ‘கூட்டுறவு வீடு’ இன்னும் சிக்கலானது. சோவியத்தில் அது, அரசு வரிசையைத் தவிர்த்துச் சொந்தப் பணம் கட்டி வீடு பெறும் வழி. நியூயார்க்கில் கூட்டுறவு வீட்டை வாங்குபவருக்குக் கிடைப்பவை நிறுவனப் பங்குகளும் குடியிருக்கும் குத்தகை உரிமையும். விற்பவர் சம்மதித்தாலும் நிர்வாகக் குழு மறுத்துவிடலாம்.

வீடு தேடுவோருக்கு அவரவர் மக்கள் வாழும் பகுதியையே தரகர் காட்டுவதுதான் சிறந்த உதவி என்போர் உண்டு. உறவினரின் அண்மையும் தாய்மொழிக் கடைகளும் தரும் ஆறுதல் பெரிது. ஆயினும் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் வாங்குபவரே. பூர்விக நாட்டை வைத்து ஒருவரைக் குறிப்பிட்ட பகுதிக்குத் தரகர் திருப்பிவிடுவதை 1968ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டம் தடை செய்கிறது.

ஆகவே, ஆவணங்களை ரஷ்ய மொழியில் பெயர்த்துத் தருவதோடு உதவி முடிந்துவிடாது. ஒவ்வொரு சொல்லும் எந்த உரிமையை, எந்தப் பொறுப்பைக் குறிக்கிறது என்று விளக்க வேண்டும். வங்கி கேட்கவிருக்கும் கேள்விகளையும் அவற்றின் காரணத்தையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இது தரகரும் கடன் தருவோரும் ஏற்க வேண்டிய கடமை.