ஏலக்காய் எகிப்துக்குப் போன கதை

"அந்த ராசா வயித்துக்குள்ள நம்ம ஏலக்காய் இருந்துச்சா சார்?"

கேட்டவன் ஏழாம் வகுப்புப் பையன். நானும் யோசிக்காமல் "இருந்துச்சுடா" என்று சொல்லிவிட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவன், ஆதாரம் எங்கே ஆதாரம் எங்கே என்று பிள்ளைகள் உயிரை எடுத்தவன், எங்கேயோ படித்ததை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டேன். கொடுத்ததைத் திரும்ப வாங்க இரண்டு மாதம் ஆயிற்று.

ஓய்வு பெற்றபின் சனிக்கிழமை சாயங்காலங்களில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் போடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு வருகிறார்கள். டியூஷன் கிடையாது, கதை வாசிப்புதான். ஏலக்காய் வியாபாரி வீட்டுப் பெண்ணும் வரும், தோட்டக் கூலிக்குப் போகிறவர்கள் வீட்டுப் பையனும் வருவான். இந்த ஊரைத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி: விடிவதற்கு முன்பே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு வளைவுகளைத் தாண்டி, கேரளப் பக்கம் பூப்பாறை, சாந்தம்பாறை என்று காய் எடுக்கப் போய், பொழுது சாய்ந்தபின் இறங்கி வருகிற பெண்களின் ஊர் இது. கேள்வி கேட்ட பையனின் அம்மா அவர்களில் ஒருவர்.

அந்தப் பருவத்துக்கு நான் எடுத்த புத்தகம் ஸில்ஃபா கீட்லி ஸ்னைடர் எழுதிய 'தி ஈஜிப்ட் கேம்'. 1967இல் வந்தது, அடுத்த ஆண்டு நியூபெரி ஹானர் பெற்றது. ஸ்னைடரும் ஆசிரியையாக இருந்தவர். கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழக ஊர். ஏப்ரல், மெலனி என்று இரண்டு சிறுமிகள், மெலனியின் நான்கு வயதுத் தம்பி மார்ஷல். ஒரு பழம்பொருள் கடையின் பின்கட்டில், வேலிப் பலகை நகர்ந்த சந்து வழியாக உள்ளே போகிறார்கள். அங்கே உடைந்த நெஃபர்டீட்டி சிலை ஒன்று கிடக்கிறது. அதை வைத்து அந்தக் கொல்லையையே எகிப்து ஆக்கிக்கொள்கிறார்கள். பலிபீடம், சடங்கு, ரகசிய எழுத்து எல்லாம் உண்டு. நடுவில் அந்த வட்டாரத்தில் ஒரு குழந்தை கொலையாகிறது. பெற்றோர்கள் பிள்ளைகளை வெளியே விடுவதில்லை. கடைக்காரக் கிழவர் யாரோடும் பேசாதவர், ஆகவே ஊர் முழுக்க அவரைச் சந்தேகப்படுகிறது.

ஆங்கிலப் புத்தகத்தை இந்தப் பிள்ளைகளிடம் எப்படிக் கொண்டுபோனீர்கள் என்று நண்பர் ஒருவர் கேட்டார். பக்கம் பக்கமாக நான் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன், அவ்வளவுதான். மார்ஷல் எந்நேரமும் கட்டிக்கொண்டு திரியும் துணி ஆக்டோபஸ் மட்டும் கொஞ்சம் தகராறு செய்தது. 'எட்டுக்கால் மீன் பொம்மை' என்று முடித்தோம்.

கதையோடு எகிப்தையும் சேர்த்து நடத்துவது என் திட்டம். ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தில் எகிப்து இருக்கத்தான் செய்கிறது. நைல், பிரமிடு, மம்மி, ஹைரோகிளிபிக். நானே அதை எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். ஐந்து மதிப்பெண் வினாவாக நடத்தினேன் என்பதுதான் உண்மை. கதை கையில் இருந்தபோது அதே பாடம் வேறு மாதிரி நடந்தது.

எழுத்து வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எகிப்திய எழுத்தில் ஒரே மெய்யொலியைக் குறிக்கும் குறிகள் சுமார் 24. உயிரொலிகளை எழுதுவதில்லை. 'ல'வுக்கென்று பழைய காலத்தில் தனிக்குறி இல்லை, தாலமி, கிளியோபாட்ரா பெயர்களில் சிங்கத்தை வைத்து எழுதினார்கள். அந்த இரண்டு பெயர்களையும் பிடித்துக்கொண்டுதான் 1822இல் ஷம்போலியோன் பூட்டைத் திறந்தார். நாங்களும் கூடைக்குறி ஒன்றும் சிங்கம் ஒன்றும் வரைந்தோம். க், ல். இதை எப்படிப் படிப்பது? கலை, கல், காலி, கோலி, கூலி, கொலை. எதை எழுதினாலும் அதே கூடை, அதே சிங்கம். "அப்ப எங்கம்மா கூலிக்குப் போறதும் கொலைக்குப் போறதும் ஒண்ணா சார்?" என்றான் நம்ம பையன். மாடியே சிரித்தது. அந்தக் குழப்பம் வராமலிருக்கத்தான் எகிப்தியர்கள் சொல்லின் கடைசியில் ஒலியில்லாத ஒரு படம் போட்டார்கள். உட்கார்ந்த மனிதன், நடக்கும் கால், அடிக்கும் கை. இதைப் பிள்ளைகள் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டார்கள். வகுப்பறையில் எனக்கு ஒரு நாளும் இப்படி நடந்ததில்லை.

மம்மி பாடத்தில்தான் நான் சறுக்கியது. இரண்டாம் ராம்சேஸ் கி.மு. 1213இல் இறந்தவன். அவன் மம்மியை 1976இல் பாரிசுக்குக் கொண்டுபோய்ப் பழுதுபார்த்தார்கள். அதை ஆராய்ந்தபோது மூக்குத் துளைகளில் மிளகு இருந்தது தெரிந்தது. இதைச் சொன்னேன். மிளகு நம் மலைகளின் சரக்கு என்றும் சொன்னேன். உடனே வந்தது அந்த ஏலக்காய்க் கேள்வி. எகிப்தியர்கள் ஏலக்காயை மென்று பல் துலக்கினார்கள், சடலம் பதப்படுத்தச் சேர்த்தார்கள் என்று நானும் பல இடங்களில் படித்திருந்தேன். ஆமாம் என்றேன்.

அடுத்த சனிக்கிழமை பையன் முகமெல்லாம் பல்லாக வந்தான். "எங்கம்மாட்ட சொன்னேன் சார். அம்மா ஜீப்புல எல்லார்ட்டயும் சொல்லிட்டாக. நாம எடுக்குற காய் மூவாயிரம் வருசத்துக்கு முந்தியே ராசா பொணத்துக்குப் போயிருக்குன்னு."

எனக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. மாணவன் விடைத்தாளில் எழுதியிருந்தால் ஓரத்தில் 'சான்று?' என்று சிவப்பு மையில் எழுதியிருப்பேன். தேட ஆரம்பித்தேன். ஏலக்காய்ச் செய்தியைச் சொல்கிறவர்கள் எல்லோரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் சொல்கிறார்கள். எந்தக் கல்லறை, எந்த ஆண்டு, விதையை எடுத்தது யார் என்று கேட்டால் பதில் வராது. நான் பார்த்த அகழாய்வுப் பட்டியல் எதிலும் பாரோக்கள் காலத்து ஏலக்காய் இல்லை.

பெயர் மட்டும் உண்டு. அதுதான் ஆளை ஏமாற்றுவது. புளூடார்க் கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டி எகிப்தியக் கோவில் தூபமான கைஃபிக்குப் பதினாறு பொருட்களை அடுக்குகிறார். அதில் கார்டமோமோன் உண்டு. அவருக்கு நானூறு ஆண்டு முந்திய தியோஃபிராஸ்டஸ், அது மீடியாவிலிருந்து வருகிறது என்று சிலரும் இந்தியாவிலிருந்து என்று சிலரும் சொல்வதாகக் குறிக்கிறார். ஆனால் அந்தக் கிரேக்கச் சொல் குறித்த செடி எது என்பது தாவரவியலாளர்களிடையே இன்னும் தீராத வழக்கு. 'கார்டமோன்' என்றால் கிரேக்கத்தில் ஒரு கீரை. நம் செடிக்கு எலட்டேரியா என்ற பேரினப் பெயர் வந்தது பதினேழாம் நூற்றாண்டு ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸில் டச்சுக்காரர்கள் பதிந்த மலையாளப் பெயரிலிருந்து. அதற்குள்ளே இருப்பது நம்முடைய 'ஏலம்'. சந்தேகப்படுகிற ஆளின் பெயர் ஒத்துப்போகிறது, ஆள் அங்கே இருந்ததற்குச் சாட்சி இல்லை. கதையில் அந்தக் கிழவர் மேல் ஊர் சாட்டிய குற்றமும் இதே தரத்தில்தான் இருந்தது.

கதையில் இன்னொன்றும் வருகிறது. பிள்ளைகள் தோத் தெய்வத்திடம் கேள்வி எழுதி வைப்பார்கள், மறுநாள் பதில் இருக்கும். பதிலை எழுதியது கூட்டத்திலேயே இருந்த டோபி என்ற பையன். அந்த அத்தியாயத்தைச் சொன்ன அன்று பிள்ளைகளிடம் ஒப்புக்கொண்டேன். "போன மாசம் நான்தான் உங்களுக்குத் தோத். ஏலக்காயப் பத்திச் சொன்னது சாட்சியில்லாத பேச்சு. மிளகு நிஜம். ஏலக்காய் இல்லை."

மற்ற பிள்ளைகள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வியாபாரி வீட்டுப் பெண், "சவுதிக்கு இவ்வளவு போகுது, பக்கத்துல எகிப்துக்குப் போகாமலா இருக்கும்?" என்று வாதாடினாள். பையன் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. "ஜீப்புல சொல்லிட்டாக சார் எங்கம்மா. இப்ப எப்படி இல்லன்னு சொல்றது?" அடுத்த வாரம் அவன் வரவில்லை. காய் எடுப்பு மும்முரம், வீட்டில் தங்கச்சியைப் பார்க்க ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பினான். அதுவும் உண்மையாக இருக்கலாம்.

மிளகின் தடத்தைப் பிடித்துப் போனதில்தான் மீதி கிடைத்தது. செங்கடல் கரையில் பெரெனிகே என்ற பழைய துறைமுகம். அங்கே செராபிஸ் கோவில் முற்றத்துத் தரையில், இந்தியாவில் செய்த சாடி ஒன்றில் 7.5 கிலோ மிளகு கிடைத்தது, கி.பி. முதல் நூற்றாண்டினது. அதே ஊரில் கொற்றன் என்று தொடங்கும் பெயர் கீறிய தமிழ் பிராமி ஓடும் கிடைத்தது. வடக்கே குசெய்ர் அல்-காதிம், ரோமானியர் காலத்து மியோஸ் ஹோர்மோஸ். அங்கே கணன், சாதன் என்ற பெயர்கள் கீறிய ஓடுகள். உடைந்த சாடி ஒன்றின் இரண்டு பக்கமும் 'பானை ஒறி' என்று எழுதியிருக்கிறது. ஐராவதம் மகாதேவன் அதை உறியில் தொங்கவிடும் பானை என்று வாசித்தார். உறியடி பார்த்த எந்தப் பிள்ளைக்கும் விளக்கவுரை தேவைப்படாத சொல்.

கீறல் எழுத்து எங்கள் மாவட்டத்துக்குப் புதிதும் அல்ல. ஆண்டிப்பட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் குழுவினர் தமிழ் பிராமி பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். அதில் ஒன்று கூடலூர் ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த பூசலில், இறந்தவனுக்கு எடுத்த கல். நாணயவியல் நூல்களில் போடிநாயக்கனூர்க் குவியல் என்றே பெயர் பெற்ற வெள்ளி முத்திரைக் காசுகளின் பின்புறத்தில் பாண்டியரின் மீனாகக் கருதப்படும் குறி உண்டு. எழுதத் தெரிந்தவர்களும் காசு புழங்கியவர்களும் இந்தப் பள்ளத்தாக்கில் அன்றே இருந்திருக்கிறார்கள்.

அந்தக் குசெய்ரிலேயே ஏலக்காயும் இருந்தது. ரோமானியர் காலத்து அடுக்கில் மிளகு, அரிசி, தேங்காய். துறைமுகம் பல நூற்றாண்டு பாழ்பட்டுக் கிடந்து, பதினோராம் நூற்றாண்டு முதல் பதினைந்தாம் நூற்றாண்டு வரை மறுபடி உயிர் பெற்றபோது சேர்ந்த மேலடுக்கில் இஞ்சி, மஞ்சள், பாக்கு, ஏலக்காய். பாலைவனக் காய்ச்சலில் மக்காமல் கிடந்த குப்பை அது. கொற்றனுக்கும் சாதனுக்கும் ஆயிரம் வருஷம் பிந்தி வந்த சரக்கு.

கெய்ரோ பக்கத்து ஃபுஸ்தாத்தின் பென் எஸ்ரா யூதக் கோவிலில் கிடைத்த கடிதக் குவியலும் இதற்கு ஒத்துப் பேசுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மங்களூரில் சுமார் பதினேழு வருஷம் தங்கிய ஆபிரகாம் பென் யிஜு என்ற யூத வணிகரின் கடிதத் தொடர்பில் ஒரு வழக்கு வருகிறது. உள்ளூர் ஆள் ஒருவர் ஏலக்காய்க்கு முன்பணம் வாங்கிக்கொண்டு சரக்கை அனுப்பவில்லை. கடிதத்துக்குக் கடிதம் அதே புலம்பல். வியாபாரி வீட்டுப் பெண் இதை வீட்டில் சொல்லியிருக்கிறாள். "தாத்தா விழுந்து விழுந்து சிரிச்சாக சார். அட்வான்ஸ் வாங்கிட்டு காய் போடாதவன் அப்பவே இருந்தானான்னு."

பையன் மூன்று வாரம் கழித்து வந்தான். கதை அதற்குள் முடிந்துவிட்டது. கொலைகாரன் கிழவர் இல்லை என்பதையும், அந்த ராத்திரி ஏப்ரலை ஒருவன் பிடித்தபோது ஜன்னலை உடைத்துக் கத்தி ஆளைக் கூட்டியது அந்தக் கிழவர்தான் என்பதையும் மற்ற பிள்ளைகள் முந்திக்கொண்டு சொன்னார்கள். அவன் காதில் வாங்கினானா தெரியவில்லை. குசெய்ர் பற்றிச் சொன்னேன். ராசா இல்லை, துறைமுகத்தில் இருந்த சாதாரண ஜனங்கள். மூவாயிரம் இல்லை, எண்ணூறு தொள்ளாயிரம் வருஷம். இந்தத் தடவை விதையே இருக்கிறது.

"அம்மா முன்னமே ஒண்ணு கேட்டாக சார்," என்றான். "அதை எடுத்தவுக பேரு ஏதாச்சும் எழுதியிருக்கான்னு."

கணன், சாதன், கொற்றன், பென் யிஜு என்று எனக்குத் தெரிந்த பெயர்களையெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். சரக்கு வைத்திருந்தவர்கள், கப்பலில் போனவர்கள், கணக்கு எழுதியவர்கள். காய் எடுத்தவர்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரிந்து எங்கும் இல்லை. இல்லை என்றேன்.

அன்றைக்குக் கடைசி வேலையாகக் குயவர் வீட்டிலிருந்து உடைந்த ஓடுகள் வாங்கி வைத்திருந்தேன். பிள்ளைகள் ஆணியால் பெயர் கீறினார்கள். பெரும்பாலும் கூடையும் சிங்கமும்தான். அவன் தமிழில் அம்மா பெயரைக் கீறினான், உயிரெழுத்து ஒன்றையும் விடாமல். ஓட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, ஜீப் வருகிற நேரம் என்று சொல்லி மற்றவர்களுக்கு முன்னாலேயே படியிறங்கிவிட்டான்.