புழுங்கலரிசியும் இடுப்பளவும்

குளுவாங்கிலிருந்து மெர்சிங் செல்லும் சாலையில் உள்ளது காஹாங். இத்தகைய தோட்டப்புறத் தமிழரின் வரலாற்றை எழுதுவோர் கப்பலையும் கங்காணியையும் பேசுவர்; சோற்றுப் பானையைப் பேசுவதில்லை. நோயின் வரலாறோ அப்பானையில்தான் தொடங்குகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மலாயாவின் சுரங்கங்களிலும் சிறைகளிலும் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. தமிழ்த் தொழிலாளரை மட்டும் அது அவ்வளவாகத் தீண்டவில்லை. மருத்துவர் பிரேடன் அரிசியின்மேல் ஐயங்கொண்டார். 1905-இல் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் மருத்துவர் பிளெட்சர் ஒரு சாராருக்குத் தீட்டிய பச்சரிசிச் சோறும், மறுசாராருக்குப் புழுங்கலரிசிச் சோறும் அளித்துப் பார்த்தார். முன்னவருள் பலர் நோயுற்றனர், பின்னவர் தப்பினர். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசியுள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதும் போவதில்லை. அச்சத்தே பின்னாளில் ‘பி1’ எனப் பெயர் பெற்றது. நம் பாட்டிமார் நெல் அவித்தது மருத்துவ நூல் கற்று அன்று. எனினும் அவ்வழக்கம் உயிர் காத்தது.

குறைவால் வந்த நோய் அது. இன்றைய நோய் மிகுதியால் வருவது. நீரிழிவு, இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்புக் கேடு ஆகியவை தனித்தனியே தோன்றுவன அல்ல, இன்சுலினுக்கு உடல் இணங்காமையே அவற்றின் பொது வேர் என்று 1988-இல் அமெரிக்க அறிஞர் ஜெரால்டு ரீவன் விளக்கினார். வளர்சிதை மாற்ற நோய்த்தொகுதி என்பது இதுவே. வியப்பென்னவெனில், அவர் பட்டியலில் தொப்பை இல்லை! வயிற்றுக் கொழுப்பின் தீமையைப் பிரெஞ்சு மருத்துவர் ழான் வாக் 1947-இலேயே சுட்டியிருந்தார்.

பெருத்த இடுப்பு, உயர்ந்த இரத்த அழுத்தம், உயர்ந்த சர்க்கரை, மிகுந்த டிரைகிளிசரைடு, குறைந்த நற்கொழுப்பு ஆகிய ஐந்தில் மூன்று இருந்தால் இந்நோய்த்தொகுதி உண்டு என்பது 2009-இல் வகுத்த வரையறை. இஃதுடையார்க்கு நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு. இதயநோய் இரு மடங்கு.

மலேசியாவின் மூன்று பெரிய இனத்தாருள் நீரிழிவு மிகுந்தோர் இந்தியரே என்பதை நாட்டு நலக் கணக்கெடுப்புகள் காட்டியுள்ளன. பரம்பரையைக் காரணம் சொல்வாருண்டு. அது ஓரளவே பொருந்தும் என்பது என் கருத்து. பால்மரம் சீவி, வாளி சுமந்து நடந்த பாட்டனுக்குச் சோறு உழைப்பில் கரைந்தது. அமர்ந்து பணிபுரியும் பேரனுக்கு அதே சோறும், கெட்டிப்பால் கலந்த தேநீரும் ஈரலில் கொழுப்பாய்ப் படிகின்றன.

மெலிந்து தோன்றும் தெற்காசியரும் வயிற்றினுள் கொழுப்பைத் தேக்குவர். ஆதலின் ஐரோப்பிய ஆடவர்க்கு 94 செ.மீ. என்ற எல்லை நம் ஆடவர்க்கு 90, பெண்டிர்க்கு 80. அளக்க வேண்டிய இடம் கால்சட்டைப் பட்டை அன்று. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின்.