வால்வு மூடுற நேரம்

உங்க கார் பின்னாடி விவிடி, ஐ-விடெக் அப்படின்னு ஏதாவது எழுதியிருக்கான்னு பாருங்க. இருந்தா, ரயில் எஞ்சின்காரங்க 1842-லேயே கை வச்ச ஒரு கணக்கு அதுக்குள்ள இருக்கு. பெட்ரோல் கார் பிறந்தது 1886-ல். அது இந்தக் கணக்குக்கு வந்து சேரத் தொண்ணூறு வருசத்துக்கு மேல ஆச்சு.

கணக்கு இதுதான். காத்துக்கும் எடை இருக்கு. பிஸ்டன் கீழே இறங்கும்போது உள்ளே பாயுற காத்து, பிஸ்டன் மேலே திரும்பினதும் சட்டுன்னு நிக்காது. வாய்க்கால் தண்ணி அப்படித்தானே? மோட்டாரை அமத்தின பிறகும் கொஞ்ச நேரம் பாத்திக்கு ஓடிக்கிட்டே இருக்கும். அதனால எஞ்சின் வேகமா ஓடுறப்போ வால்வைத் தாமதமா மூடினா காத்து கூடுதலா அடையும். மெதுவா ஓடுறப்போ அதே தாமதம் கெடுதல். புகுந்த காத்தைப் பிஸ்டனே வெளியே தள்ளிடும், இழுவை போயிடும்.

எங்க கிணத்து ஆயில் எஞ்சினுக்கு இந்தத் தொல்லை இல்லை. கவர்னர் அதை ஒரே வேகத்தில் வச்சிருக்கும். கார் அப்படியா? சிக்னலில் 800 சுற்றில் நிக்குது, ஓவர்டேக் பண்றப்போ 5000-க்குப் போகுது. வால்வைத் திறக்கிற கேம் இரும்பில் கடைஞ்சது, செயினில் கட்டினது. எதுக்காவது ஒண்ணுக்குத்தான் பொருந்தும்.

ரயிலில் டிரைவர் கையிலேயே லீவர் இருந்தது. நியூகாசிலில் ராபர்ட் ஸ்டீபன்சன் பட்டறையில் 1842-ல் வந்த அமைப்பு அது. கிளம்பும்போது நீராவியை நீள விடுவார். வேகம் எடுத்ததும் லீவரை இழுத்தா வால்வு சீக்கிரமே மூடும், உள்ளே இருக்கிற நீராவி விரிஞ்சே தள்ளும். கரி மிச்சம்.

காரில் இதை முதலில் வித்தது இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ, 1980-ல், அமெரிக்காவுக்குப் போன ஸ்பைடர் காரில். அங்கே புகைச் சட்டம் கடுமை. சட்டம் நெருக்காம இருந்திருந்தா இன்னும் தள்ளித்தான் போயிருக்கும்னு நினைக்கிறேன்.

1989-ல் ஜப்பானில் ஹோண்டா இன்டெக்ரா வந்தது. அதில் ரெண்டு இன்டேக் வால்வுக்கு மூணு கேம். மெதுவா ஓடுறப்போ ஓரத்து ரெண்டும் வேலை செய்யும், நடுவில் இருக்கிற பெரிய கேம் சும்மா ஆடும். சுற்று ஏறினதும் எண்ணெய் அழுத்தம் ஒரு பின்னைத் தள்ளி மூணு ராக்கரையும் பூட்டிடும். அப்புறம் பெரிய கேம் சொன்னபடிதான் வால்வு திறக்கும். 1.6 லிட்டர் எஞ்சின், டர்போ கிடையாது, 160 குதிரைத்திறன்!

பத்திரிகைக்காரங்க அந்த 160-ஐத்தான் பேசுவாங்க. எனக்கு, பிறகு ஹோண்டாவே சிவிக்கில் கொண்டுவந்த விடெக்-ஈதான் பெருசாப் படுது. மெதுவா ஓடுறப்போ ரெண்டில் ஒரு இன்டேக் வால்வு பேருக்குத்தான் திறக்கும். காத்து மத்த வால்வு வழியாச் சுழிச்சு உள்ளே போகும், கொஞ்சப் பெட்ரோலே நல்லா எரியும். சுற்று கூடினா ரெண்டும் முழுசாத் திறக்கும்.