மானிப்பாயில் ஒரு மருத்துவ வகுப்பு

நூற்றாண்டு மலர்களில் அதிபர்களையும் ஆசிரியைகளையும் நினைவுகூர்வது வழமை. எமது கல்லூரியின் அதிபர்களைப் பற்றி எழுத எம்மைவிட மூத்த சகோதரிகள் பலர் இருக்கின்றார்கள். இக்கல்லூரியில் படித்து வைத்தியர்களாகிய நாம் இங்கு எடுத்துக்கொள்வது, இதன் வாசலை ஒருபோதும் மிதிக்காத ஓர் ஆசிரியரின் வரலாறு. யாழ்ப்பாணத்தில் மேலைத்தேய மருத்துவத்தை முதலில் ஆங்கிலத்திலும் பின்னர் தமிழிலும் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பவரே அவர். ஒரு தொழில்சார் அறிவை எந்த மொழியில் கற்பிப்பது, யாருக்கு விளங்க எழுதுவது என்ற கேள்விகளோடு அவருடைய ஆசிரிய வாழ்க்கை முழுவதும் கழிந்தது. உயர்தரம் வரை தமிழிலும் அதன்பின் ஆங்கிலத்திலும் படித்த எமது தலைமுறைக்கும் அவை சொந்தமான கேள்விகளே.

அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கினார்கள். 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரி உருவாயிற்று. அடுத்த ஆண்டில் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை ஆரம்பித்தார். செமினரியில் ஆங்கிலமும் தமிழும் சேர்ந்தே வளர்ந்தன. கணிதமும் வானியலும் ஆங்கிலத்தில் படித்த அதே மாணவர்கள் தமிழ் இலக்கண இலக்கியங்களையும் கற்றனர். பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கு படித்தவர்; சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரில் ஒருவர். ஆங்கிலம் படித்தால் தமிழ் தேய்ந்துவிடும் என்று சொல்பவர்களுக்கு எமது மண்ணிலேயே கிடைக்கும் பதில் அவர்.

மருத்துவமும் மிஷனோடு வந்தது. ஜோன் ஸ்கடர் 1820 இல் பண்டத்தரிப்பில் நோயாளரைப் பார்க்கத் தொடங்கினார். அவருக்குப் பின் நேதன் வோட் வட்டுக்கோட்டையில் பணியாற்றினார். அவ்வரிசையில் மூன்றாமவராக 1847 இல் கிறீன் வந்து சேர்ந்தார். 1822 இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்து, நியூயோர்க்கில் மருத்துவம் படித்தவர். வரும்போது அவருக்கு ஏறக்குறைய இருபத்தைந்து வயது. முதலில் வட்டுக்கோட்டையிலும் 1848 முதல் மானிப்பாயிலும் இருந்து நோயாளரைப் பார்த்தார். அங்கேயே உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து ஒரு மருத்துவ வகுப்பையும் தொடங்கினார். கொழும்பில் மருத்துவக் கல்லூரி தோன்றுவதற்கு 22 ஆண்டுகள் முந்திய முயற்சி அது.

தொடக்கத்தில் அவ்வகுப்பு முழுவதும் ஆங்கிலத்திலேயே நடந்தது. பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. சேர்ந்தவர்களும் செமினரியில் ஆங்கிலம் பயின்றவர்கள். காலையில் நோயாளரைப் பார்க்கும்போது ஆசிரியருக்கு அருகில் நின்று கற்றனர். பின்னர் புத்தகத்தோடு அமர்ந்தனர். உடற்கூறு, சத்திர வைத்தியம், பிரசவ வைத்தியம், மருந்துச் சரக்கு என்பன பாடங்கள். இன்றைய மருத்துவ பீட மாணவிக்கு அந்நாட்குறிப்பு பெரிதும் அந்நியமாக இராது.

ஆனால் அம்முறையில் ஒரு முடிச்சு இருந்தது. ஆங்கிலத்தில் மருத்துவம் கற்று வெளியேறியவர்களுக்கு அரச சேவையிலும் வெளியூர்களிலும் நல்ல சம்பளத்தோடு வேலை காத்திருந்தது. கிராமத்தில் தங்கி வைத்தியம் பார்க்க வேண்டும் என்று கிறீன் பயிற்றியவர்கள் கிராமத்தைவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறைகூற எமக்கு வாயில்லை. குடும்பத்தைத் தூக்கி நிறுத்த வேண்டிய பிள்ளை வேலை கிடைக்கும் இடத்துக்குப் போகத்தான் செய்யும். இம்மலரை ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இருந்து வாசிக்கும் எம் சகோதரிகளுக்கு இது விளக்க வேண்டிய விடயமன்று.

இதற்கிடையில் 1855 இல் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி உத்தியோகத்துக்கு ஆட்களைத் தயாரிக்கின்றதேயன்றி மிஷனின் நோக்கத்துக்கு உதவவில்லை என்று அமெரிக்காவில் இருந்த தலைமைப்பீடம் கருதியது. ஊர்மக்களும் பழைய மாணவர்களும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆங்கிலத்தில் உயர்கல்வி வேண்டும் என்ற அவர்களது விடாப்பிடியே 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றக் காரணமாயிற்று. ஆங்கிலத்தை மேலிருந்து திணித்தார்கள் என்று மாத்திரம் எமது கல்வி வரலாற்றைச் சொல்லிவிட முடியாது. அதைத் தர மறுத்தபோது கேட்டுப் பெற்றவர்களும் எமது முன்னோரே.

விடுமுறையில் அமெரிக்கா சென்றிருந்த கிறீன் 1862 இல் திருமணமாகித் திரும்பி வந்தார். 1864 இல் அவர் தமது ஆசிரிய வாழ்க்கையின் பெரிய முடிவை எடுத்தார். இனிச் சேரும் வகுப்புக்கு மருத்துவம் தமிழிலேயே கற்பிக்கப்படும் என்பதே அது. தமிழிற் படித்தவர் தம் மக்களிடையே தங்குவார், அவர் சொல்வது நோயாளருக்கும் விளங்கும் என்று அவர் எண்ணினார். இம்முடிவில் பெருந்தன்மையும் உண்டு; மாணவரின் வழியைத் தாமே தீர்மானிக்கும் போக்கும் உண்டு. ஆங்கிலம் திறக்கக்கூடிய கதவு இவர்களுக்குத் திறவாதிருக்கட்டும் என்பதும் அதனுள் அடங்கியிருந்ததல்லவா? இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே அவருக்கு நாம் செய்யும் நியாயம்.

தமிழிற் கற்பிப்பதானால் தமிழிற் புத்தகம் வேண்டும். அவ்வேலையை அவர் முதற்காலத்திலேயே தொடங்கியிருந்தார். கற்றர் என்பவரின் உடற்கூற்று நூலும் மோன்செலின் பிரசவ வைத்தியமும் முன்னரே தமிழாகியிருந்தன. 1864 இன் பின் வேலை வேகம்பிடித்தது. ட்றூயிற்றின் சத்திர வைத்திய நூல் ‘இரண வைத்தியம்’ என்ற பெயரில் 1867 இல் வந்தது. கிறேயின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ ஆகவும், ஹூப்பரின் மருத்துவ நூல் ‘வைத்தியாகரம்’ ஆகவும் 1872 இல் வெளிவந்தன. 1875 இல் இரசாயன நூலாகிய ‘கெமிஸ்தம்’ வந்தது. எல்லாவற்றையும் சேர்த்தால் 4,000 பக்கங்களுக்கு மேல். மருத்துவ பீடத்தில் கிறேயின் நூலைச் சுமந்து தோள் நொந்த எமக்கு, அது பிறந்து சில பதின்ம ஆண்டுகளுக்குள்ளேயே மானிப்பாயில் தமிழில் இருந்தது என்பது வியப்பூட்டும் செய்தி.

இவற்றைக் கிறீன் தனியாகச் செய்யவில்லை. டான்வதர், சப்மன் முதலிய மாணவர்கள் மொழிபெயர்ப்பில் அவரோடு உழைத்தனர். பெயரைக் கேட்டு அவர்களை வெள்ளையர் என்று எண்ணிவிட வேண்டாம். மிஷன் பாடசாலைகளிற் படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அமெரிக்கப் பெயரிடுவது அன்றைய வழக்கம். மாணவர் மொழிபெயர்க்க, ஆசிரியர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த, வகுப்பில் வாசித்து மீண்டும் திருத்த என்று நூல்கள் வளர்ந்தன.

சொல்லாக்கத்திலும் ஓர் ஒழுங்கு இருந்தது. மக்கள் வழக்கிலும் சித்த மருத்துவ நூல்களிலும் ஏற்ற சொல் இருந்தால் அதையே எடுத்தனர். இல்லையேல் வடமொழிக்குப் போயினர். அங்கும் கிடைக்காதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசைத்துக்கொண்டனர். ‘கெமிஸ்தம்’ அப்படிப் பிறந்தது. ‘அங்காதிபாதம்’ என்ற பெயரோ இலக்கியம் படித்தவர்களுக்குப் பாதாதிகேசத்தை நினைவூட்டும். உடற்றொழிலியலைச் ‘சுகரணம்’ என்றனர். கடினமான பாடத்தைக் கேட்பவனுக்குப் பழகிய ஓசையோடு கொண்டுசேர்க்க வேண்டும் என்ற ஆசிரிய மனம் இப்பெயர்களில் தெரிகின்றது.

1873 இல் உடல்நலம் குன்றிய நிலையில் கிறீன் நாடு திரும்பினார். வூஸ்ரரில் இருந்தபடியே தமிழ் நூல்களைத் திருத்தும் பணியைத் தொடர்ந்தார். ‘மனுஷ சுகரணம்’ 1883 இல் வந்தது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் அவர் காலமானார். தமிழருக்கு மருத்துவப் பணி செய்தவர் என்று அவரது கல்லறைக் கல் சொல்கின்றது. அவரிடம் கற்றுத் தேறியவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர்.

அவர்களுள் ஒரு பெண்கூட இல்லை. உடுவிலில் பெண்கள் நாற்பது ஆண்டுகளாக எழுத்தறிந்திருந்தும் மானிப்பாய் வகுப்பின் வாங்கில் அவர்களுக்கு இடமிருக்கவில்லை. பிரசவ வைத்தியம் தமிழில் அச்சாகியது. அதைப் படித்தவர்கள் ஆண்கள். பிரசவம் பார்த்தவர்கள் மருத்துவிச்சிகள். 1870 இல் திறக்கப்பட்ட கொழும்பு மருத்துவக் கல்லூரி 1892 இலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. 1898 இல் இனுவிலில் பெண்களுக்கென மக்லியோட் வைத்தியசாலை எழுந்தது. அங்கே எமது பெண்கள் தாதியராகவும் மருத்துவிச்சிகளாகவும் பயிற்சி பெற்றனர்.

கொழும்புக் கல்லூரியின் மொழி ஆங்கிலம். மானிப்பாயின் தமிழ் வகுப்பு கிறீனுக்குப் பின் நிலைக்கவில்லை. வகுப்பு நின்றதோடு அதன் சொற்களும் நின்றன. பிற்காலத்தில் விஞ்ஞானம் மீண்டும் தமிழில் கற்பிக்கப்பட்டபோது அரசகரும மொழித் திணைக்களத்தின் கலைச்சொற்றொகுதிகளே கைகொடுத்தன. நாம் கல்லூரியில் எழுதியது கலம், இழையம், நாடி, நாளம், சதையி. ‘சுகரணம்’ எமது காதில் விழவேயில்லை. பாக்குநீரிணைக்கு அப்பால் அவையே செல், திசு, தமனி, சிரை, கணையம். ஒரு சொல் அகராதியில் இருப்பதால் மாத்திரம் உயிரோடிருப்பதில்லை. ஆசிரியர் சொல்லி, மாணவர் எழுதி, நோயாளர் கேட்டு வந்தாற்றான் அது வாழும்.

நாம் உயர்தரம் படித்தது தொண்ணூறுகளில். மின்சாரமில்லை, குப்பிவிளக்கில் படித்தோம், இடம்பெயர்ந்தோம், திரும்பி வந்தோம். அக்காலத்திலும் எமது ஆங்கில ரீச்சர்மார் சுருக்கம் எழுதுவித்தார்கள், கடிதம் எழுதுவித்தார்கள், செயப்பாட்டு வினையை மாற்றி மாற்றி எழுதுவித்தார்கள். விஞ்ஞானப் பிரிவு மாணவிகளுக்கு இது எதற்கு என்று முணுமுணுத்தவர்கள் எம்முள் இருந்தார்கள். மருத்துவ பீடத்தில் முதல் விரிவுரை ஆங்கிலத்தில் தொடங்கியபோதும், நோயாளரின் வரலாற்றை நான்கு வரியில் ஆங்கிலத்தில் எழுத வேண்டி வந்தபோதும் அந்தப் பயிற்சிதான் எம்மைத் தாங்கியது.

வாட்டுக்குப் போனதும் மறுபக்கம் தெரிந்தது. வீடு செல்லும் நோயாளர் கையில் கொடுக்கும் துண்டு ஆங்கிலத்தில் இருக்கும். “பிள்ளை, இதிலை என்ன எழுதிக்கிடக்கு?” என்று அதைத் திருப்பி நீட்டும் அம்மாமாரைச் சந்திக்காத வைத்தியர் எம்மூரில் இல்லை. ‘உயர் குருதியமுக்கம்’ என்று பரீட்சைத் தமிழில் சொன்னாலும் அவர் முகம் தெளியாது. ‘பிறசர் கூடியிருக்கு அம்மா, உப்பைக் குறையுங்கோ, இந்தக் குளிசையை நிறுத்தாதேங்கோ’ என்றால் தலையாட்டுவார். ஆங்கிலம், புத்தகத் தமிழ், வீட்டுத் தமிழ் ஆகிய மூன்றுக்கும் இடையில் நடந்துவரத் தெரிவதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே. கிறீன் 1864 இல் ஒன்றைவிட்டு மற்றொன்றைத் தேர்ந்தார். எமக்கு அந்தத் தேர்வு வேண்டியதில்லை, மூன்றும் வேண்டும்.

பழைய மாணவிகள் சங்கம் நூறு ஆண்டைக் கடக்கும் இவ்வேளையில் கட்டடங்களுக்கு நிதி சேர்க்கின்றோம், நல்லது. அதோடு வேறொரு வேலையையும் முன்வைக்கின்றோம். எமது சங்கத்தில் வைத்தியர், தாதியர், மருந்தாளர், ஆசிரியைகள் இருக்கின்றார்கள். வெளிநாட்டு வைத்தியசாலைகளில் எம்மவருக்கு மொழிபெயர்க்கும் சகோதரிகளும் இருக்கின்றார்கள். நீரிழிவு, பிறசர், கர்ப்பகாலப் பராமரிப்பு, சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் செய்யவேண்டியவை என ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத்தில் எளிய தமிழில் துண்டுப்பிரசுரம் எழுதலாம். உயர்தர மாணவிகள் அதை ஆங்கிலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தட்டும். அச்சேற்றுமுன் ஊரில் ஓர் அம்மாவுக்கு வாசித்துக் காட்டி, அவருக்கு விளங்காத சொல்லை மாற்றட்டும். மானிப்பாயில் இடமில்லாதிருந்த வகுப்பை எமது கல்லூரிப் பிள்ளைகள் தாமே நடத்துவார்கள். முதற் பிரசுரத்தை எழுத நாம் ஆயத்தமாக இருக்கின்றோம். சேர விரும்பும் சகோதரிகள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.