பைலில் தூங்கிய தேன்கூடு

போன மாதம் பிரான்சிலிருந்து என் அண்ணன் மகன் வந்திருந்தான். அங்கே பலகையில் காய் நகர்த்தி ஆடும் விளையாட்டுகளைத் தயாரிக்கிற ஒரு கம்பெனியில் வேலை. நம் தாயம், பரமபதம் மாதிரிதான். ஆனால் அழகான அட்டைப்பெட்டியில் போட்டு நல்ல விலைக்கு விற்கிறார்கள். எனக்கு ஒரு சின்ன பாட்டில் தேன் கொண்டுவந்தான். லேபிளில் கம்பெனியின் முத்திரை.

"எங்க ஆபீஸ் மொட்டை மாடியில மூணு தேன்பெட்டி வச்சிருக்கோம் சித்தப்பா. அதுல எடுத்த தேன். இவ்வளவு அட்டையும் காகிதமும் பிளாஸ்டிக்கும் செலவாகுதே, பதிலுக்கு இயற்கைக்கு ஏதாவது செய்யணும்னு மேனேஜ்மென்ட் ஏற்பாடு" என்றான்.

பெருமையோடு சொன்னான். நான் உடனே பதில் சொல்லவில்லை. ஆபீஸ், தேனீ என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து வந்தாலே எனக்குப் பழைய பைல் ஒன்று ஞாபகத்துக்கு வந்துவிடும்.

1980-களின் நடுவில் நான் குமாஸ்தாவாக இருந்த அலுவலகம் (எந்த ஊர், எந்தத் துறை என்பது இப்போது வேண்டாம்) மூன்று மாடிக் கட்டடம். ஒவ்வொரு வருடமும் மழைக்காலம் முடிந்ததும் முகப்பு சன்ஷேடுக்கு அடியில் மலைத்தேனீ வந்து கூடு கட்டும். மலைத்தேனீ பொந்து தேடாது. பாறை, உயர்ந்த மரம், தண்ணீர் டாங்கி, பெரிய கட்டடம் என்று திறந்த வெளியில் ஒரே ஒரு அடையைத் தொங்கவிடும். அடை கண்ணுக்கே தெரியாது. அதன் மேல் தேனீக்கள் போர்வையாகப் படர்ந்திருக்கும். குளவி நெருங்கினால் ஆயிரக்கணக்கான தேனீக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வயிற்றைத் தூக்கும். அந்தப் போர்வையில் அலை ஓடுவதுபோல இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கு அது ஒரு வேடிக்கை.

ஒரு நாள் எவனோ கல்லெறிந்தான். கீழே நின்றிருந்த எங்கள் கடைநிலை ஊழியர் ஒருவருக்கு நல்ல கொட்டு. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். மலைத்தேனீ கூட்டமாகத் துரத்திக் கொட்டினால் உயிருக்கே ஆபத்து. அவர் பக்கம் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கூட்டை அகற்ற வேண்டும் என்று அதிகாரி சொன்னார். நோட் போட்டது நான். சில்லறைச் செலவுக் கணக்கில் தொகை கேட்டு, காரணம் எழுதி, கையெழுத்து வாங்கி, ஆளும் பிடித்துக்கொடுத்தேன். இரவில் இரண்டு பேர் மண்ணெண்ணெய்ப் பந்தத்தோடு வந்து வேலையை முடித்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை நான் சீக்கிரமே போய்விட்டேன். பெருக்குகிற அம்மா செத்த தேனீக்களை வாளியில் அள்ளிக்கொண்டிருந்தார். இரண்டு வாளி. சில இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தன. "பாவம்யா, புள்ளகுட்டியோட போச்சு" என்றார். பைலில் 'பணி முடிந்தது' என்று எழுதி மூடினேன்.

சில மாதம் கழித்துத் திருத்தணியில் தேன் விற்க வந்த இருளர் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "அடை முழுக்கத் தேன் இருக்காதுங்க. மேல ஓரமா தடிப்பா இருக்கிற பக்கந்தான் தேன். மத்ததெல்லாம் முட்டையும் புழுவும். புகை காட்டித் தேன் பக்கத்தை மட்டும் அறுத்தா பூச்சி திரும்பி வந்து உக்காந்துக்கும். எரிச்சா என்ன கிடைக்கும்?" என்றார். வள்ளி தினைப்புனம் காத்த கதையைக் கேட்டு, தேனும் தினைமாவும் படைக்கிற மலையடிவாரத்தில் வாழ்கிறவன் நான். தேன் எப்படி வருகிறது என்று முப்பது வயது தாண்டித்தான் ஒரு இருளர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அதன் பிறகு கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். தேனீ விஷயத்தில் அது உதவியது. ஜெனீவாவில் வாழ்ந்த பிரான்சுவா ஊபேர் கண்பார்வை இழந்தவர். தன் உதவியாளர் பிரான்சுவா பூர்னான்ஸ் பார்த்துச் சொல்லச் சொல்ல, தேனீக்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1792-ல் பிரெஞ்சில் வந்தது. புத்தகத்தின் தாளைப் புரட்டுவதுபோல அடைகளைப் புரட்டிப் பார்க்கும் கூடு ஒன்றையும் அவர் அமைத்தார். அமெரிக்கப் பாதிரியார் லாங்ஸ்ட்ராத் 1850-களின் தொடக்கத்தில், இன்று உலகம் முழுவதும் இருக்கும் சட்டங்கள் வைத்த பெட்டியை உருவாக்கினார். சட்டங்களுக்கு நடுவே ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் தேனீ அதை மெழுகால் அடைக்காது, நடக்கும் வழியாக வைத்துக்கொள்ளும். பெட்டியின் ரகசியம் அவ்வளவுதான். கூட்டை அழிக்காமல் தேன் எடுக்க முடிந்தது இதனால்தான்.

ஆனால் அந்தப் பெட்டி ஐரோப்பியத் தேனீயின் அளவுக்குச் செய்தது. நம் ஊர்ப் பொந்துகளில் இருக்கும் அடுக்குத் தேனீ உருவத்தில் சிறியது, அதன் குடும்பமும் சிறியது. தென்னிந்தியாவில் நியூட்டன் என்ற பாதிரியார் அதற்கு ஏற்றபடி சிறிய பெட்டி ஒன்றை வடிவமைத்தார். 1911 முதல் 1917 வரை கிராமத்து மக்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். இன்றும் அதற்கு நியூட்டன் பெட்டி என்றுதான் பெயர்.

அடுத்த பெரிய அத்தியாயம் மார்த்தாண்டம். 1924-ல் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் அங்கே கிராமச் சீரமைப்பு மையம் தொடங்கினார். தேனீ வளர்ப்பு அதில் முக்கியமான தொழில். அப்போது அது திருவிதாங்கூர்ச் சீமை. 1956-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நாங்கள் 1960 வரை காத்திருந்தோம், அது வேறு கதை, அதை முன்பே இங்கே எழுதியிருக்கிறேன். மார்த்தாண்டம் பக்கம் தேனுக்கு ரப்பர் மரம்தான் ஆதாரம் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. தேன் பூவிலிருந்து வருவதில்லை. இலை உதிர்ந்து புதுத் துளிர் விடும்போது இலைக்காம்பு நுனியில் சுரக்கிற இனிப்பைத் தேனீக்கள் எடுக்கின்றன. வீட்டுக்கு வீடு தோட்டத்தில் பெட்டி வைத்து எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன. 2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நடுவில் ஒரு பெரிய இடி. 1991-92-ல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியா முழுவதும் பரவியது. புழு, நீர் நிறைந்த பை மாதிரி ஆகிச் செத்துப்போகும். மருந்து கிடையாது. பெட்டிகளில் இருந்த அடுக்குத் தேனீக் குடும்பங்களில் பெரும்பகுதி போய்விட்டது. பலர் பெட்டியை விறகுக்குப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். தப்பிப் பிழைத்த கூடுகளிலிருந்துதான் மீண்டும் பெருக்கினார்கள். அந்த நோய்க்குப் பிறகு இத்தாலியத் தேனீ தெற்கே பரவலாக வந்தது. அதை 1962 வாக்கில் அன்றைய பஞ்சாபின் நக்ரோட்டா பக்வானில் வெற்றிகரமாகக் குடியேற்றியிருந்தார்கள். தேன் அதிகம் தரும். ஆனால் பூ முடிந்தால் பெட்டியை லாரியில் ஏற்றி அடுத்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டும், சர்க்கரைப் பாகும் ஊற்ற வேண்டும். மாடு, கோழி போல அதுவும் வளர்ப்புப் பிராணிதான். அண்ணன் மகன் கம்பெனியின் மொட்டை மாடியில் இருப்பதும் அந்த இனம்தான்.

நகரத்துக் கூரையில் தேனீ வைப்பது பிரான்சில் புதிதல்ல. பாரிஸின் லுக்சம்பூர் தோட்டத்தில் 1856 முதல் தேனீ வளர்ப்புப் பள்ளி உண்டு. 1980-களில் பாரிஸ் ஓப்பரா அரங்கில் மேடைப் பொருள்களைக் கவனித்துக்கொண்டிருந்த ழான் பொக்தோன் என்பவர் அரங்கின் கூரையில் கூடு வைத்தார். கிராமத்து வீட்டுக்கென்று வாங்கிய கூடாம். கொண்டுபோக முடியாமல் மாடியில் வைத்தது அங்கேயே நன்றாகப் பிழைத்துக்கொண்டது. ஓப்பராத் தேன் பிரபலமாகிவிட்டது. பிறகு ஓட்டல், பாங்க், கம்பெனி எல்லாவற்றின் தலையிலும் பெட்டி ஏறியது.

விளைவு என்ன? பாரிஸில் செய்த ஒரு ஆய்வு 2019-ல் வெளிவந்தது. தேன்பெட்டிகள் நெருக்கமாக உள்ள இடங்களில், தனித்து வாழும் காட்டுத்தேனீ, வண்டு போன்ற மற்றப் பூச்சிகள் பூவுக்கு வருவது குறைகிறது என்று கண்டார்கள். லண்டனில் பெட்டிகள் பெருகிவிட்டன, எல்லாத் தேனீக்களுக்கும் போதுமான பூ இல்லை என்று 2020-ல் கியூ தாவரவியல் தோட்டத்தின் அறிக்கை எச்சரித்தது. நூறு பேருக்குச் சமைத்த பந்தியில் முந்நூறு பேரை உட்காரவைத்தால், வாய் பேசாதவன்தான் பட்டினியோடு எழுந்து போவான்.

இதையெல்லாம் அண்ணன் மகனிடம் சொன்னேன். அவன் முகம் வாடிவிட்டது. "அப்ப நாங்க செய்யறது தப்பா சித்தப்பா?" என்றான்.

தப்பு என்று சொல்லவில்லை. மூன்று பெட்டியால் ஊர் அழிந்துவிடாது. ஆனால் அதைச் சுற்றுச்சூழல் கணக்கில் எழுதக்கூடாது, அது தேன் கணக்கு என்றேன். கோழி வளர்த்துவிட்டுக் காட்டுப்பறவைகளைக் காப்பாற்றினேன் என்று சொல்ல முடியுமா? உங்கள் ஆபீஸ் காம்பவுண்டில் அழைக்காமலே வந்து குடியிருக்கிற பூச்சிகள் என்னென்ன, அவை சாப்பிட என்ன பூ இருக்கிறது என்று கேட்டேன். புல்லை வாரம் ஒருமுறை மெஷின் வைத்து வெட்டிவிடுகிறார்களாம். ஒரு பூ கிடையாது.

அவன் என் கதையின் மிச்சத்தைக் கேட்டான். மிச்சம் இதுதான். எரித்த பிறகு மூன்று வருடம் அந்தக் கட்டடத்துக்கு மலைத்தேனீ வரவில்லை. நான்காம் வருடம், பழைய மெழுகுத் தடம் இருந்த அதே இடத்தில் வந்து உட்கார்ந்தன. அதிகாரி மாறியிருந்தார், உத்தரவு மாறவில்லை. பைல் என் மேஜைக்கு வந்தது.

பள்ளியில் லா ஃபொந்தேன் கதைப்பாட்டு ஒன்று படித்திருந்தேன். தேனடை யாருடையது என்று குளவிக்கும் தேனீக்கும் வழக்கு. ஆறு மாதம் சாட்சி, விசாரணை என்று இழுக்கிறது. அதற்குள் தேன் கெட்டுப்போகிறது என்று தேனீ முறையிடும். கோர்ட்டுத் தாமதத்தைக் கிண்டல் செய்யும் கதை. நான் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டேன். மூன்று கொட்டேஷன் வேண்டும் என்று எழுதினேன். வந்த ஒன்றில் முத்திரை இல்லை என்று திருப்பினேன். நிதி எந்தத் தலைப்பில் என்று விளக்கம் கேட்டேன். நடுவில் பைலே என் அலமாரியின் அடித்தட்டுக்குப் போய்விட்டது. ஆனால் போர்ட்டிகோ வழியை மட்டும் கயிறு கட்டி அடைத்து, பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட ஒரே நாளில் ஆர்டர் வாங்கினேன். யாருக்கும் கொட்டு விழவில்லை. வைகாசியில் தேனீக்கள் தாமாகவே கிளம்பிவிட்டன. காலி அடை மட்டும் தொங்கியது. பைலை எடுத்து, 'நடவடிக்கை தேவையில்லை' என்று எழுதினேன். என் சர்வீஸில் நான் வேண்டுமென்றே தாமதம் செய்த பைல் அது ஒன்றுதான். (நம்புகிறவர்கள் நம்பலாம்.)

போன வாரம் அண்ணன் மகன் போனில் கூப்பிட்டான். ஆபீஸ் பின்பக்கத்துப் புல்வெளியில் ஒரு பகுதியை ஆகஸ்டு வரை வெட்டாமல் விடச் சம்மதித்துவிட்டார்களாம். நாலாவது பெட்டிக்கு எழுதியிருந்த தொகையில் ஓரமாக மரக்கன்று வைக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்களாம்.

இங்கே எங்கள் தெருக்கோடித் தண்ணீர் டாங்கியின் அடியில் இந்த வருடம் நாலு கூடு. நேற்று அந்தத் தெரு சங்கத்துக்காரர் ஒருவர், அகற்றச் சொல்லி நகராட்சிக்கு மனு எழுதித் தர முடியுமா என்று கேட்டார். பழைய குமாஸ்தா என்றால் மனு எழுதுகிறவன்தானே. வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், காபி குடித்துக்கொண்டே பேசலாம் என்று.